நாக்கின் மேல் போட்ட பழி

என் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அங்கேதான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "வாயக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?"

நாத்தனார் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்காக ஜெபம் பண்ண வந்தவர்கள்கூட ஆமென் சொன்ன கையோடு சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இப்போது காயம் ஆறிவிட்டது, கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி, வீட்டில் செல்வி. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் லைனில் வேலை. தோலில் வெட்டி வரும் துண்டுகளை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துச் சேர்க்க வேண்டும். முன்பு ஆளுக்கொரு ஸ்டூல் இருந்தது. புது முறை என்று யாரோ வந்து படம் போட்டுக் காட்டினார்கள், அடுத்த வாரம் ஸ்டூல்கள் போய்விட்டன. அதிலிருந்து நின்றுகொண்டேதான் தைக்கிறோம். சாப்பாட்டு நேரம் தவிர உட்கார முடியாது. டீ நாங்கள் நிற்கிற இடத்துக்கே வரும். கேனிலேயே சர்க்கரை கலந்து, பாகு மாதிரி. சர்க்கரை போடாத டீ என்று ஒன்று அங்கே கிடையாது.

ஷிப்மென்ட் நெருங்கினால் டார்கெட் ஏறும். அந்த நாட்களுக்கென்று எங்கள் சூப்பர்வைசர் பாஸ்கர் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். டார்கெட்டை முடித்த லைனைப் பார்த்து மேஜை மணியைத் தட்டுவார். உடனே கூல்டிரிங்ஸ் பெட்டி வரும். ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். "சூப்பர்மா, எடுத்துக்கோங்க!" என்பார். நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த ஜோடியை எடுக்க வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து மொய் வைத்துவிட்டுப் போகிறவர்.

முதல் தடவை அந்தப் பாட்டிலைக் குடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகு விட்டுப்போயிருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. ஜில்லென்று அந்தத் தித்திப்பு உள்ளே இறங்கியதும் யாரோ தலைமேல் கைவைத்து "போதும்டி, நல்லாப் பண்ண" என்று சொன்ன மாதிரி இருந்தது. அப்போது அரை பாட்டிலிலேயே திகட்டிவிட்டது. மீதியைப் பக்கத்து மெஷின் ஷமீமாவிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் முழுப் பாட்டிலும் திகட்டவில்லை. பிறகு, பாட்டில் வராத நாட்களில் கம்பெனி வாசலில் இருக்கும் கடையில் நானே வாங்கினேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒன்று ஒளித்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொள்வேன். ருசிக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ருசி முன்னைப்போல் இல்லை. ஆனால் கை போகும்.

கம்பெனியில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் "சுகர் ஜாஸ்தி இருக்கு. இனிப்ப கொறச்சுக்கோங்க, மாத்திரை போடுங்க" என்றார்கள். சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மாத்திரையைப் போட்டேன், விட்டேன், மறுபடி போட்டேன். இனிப்பையும் நிறுத்திப் பார்த்தேன். தலைவலி வந்தது, எரிச்சல் வந்தது. என் மகள் திவ்யா எதிரில் வந்து நின்றாலே கத்தினேன். அன்றைக்குத் தைத்ததில் பாதி ரிப்பேருக்குத் திரும்பி வந்தது. அந்த வாரமே ஷிப்மென்ட். மணி அடித்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

காலில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. அதுதான் இந்த நோயின் கொடுமை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை அப்படியே நின்றுவிட்டார். அவர் ஒரு தோல் மண்டியில் சுமை தூக்குகிறவர். எதற்கும் சத்தம் போடாதவர்.

"இன்னா செல்வி இது, தரையெல்லாம் ரத்தம்?"

"எங்க?"

"எங்கன்னு கேக்குற? உன் கால்ல!"

வாசலிலிருந்து அடுப்படிவரை வெள்ளை டைல்ஸில் என் இடது பாதம் சிவப்பாகப் பதிந்திருந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தார். ஷூவுக்கு அடிக்கிற சின்ன ஆணி ஒன்று அடிப்பக்கத்தைத் துளைத்து மேலே வந்திருந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்றுதான் தைத்திருக்கிறேன். ஒரு துளி வலி இல்லை. அவர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. என் காலைத் தொட்டுப் பார்த்தேன். யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். சில நாளில் கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தது, காய்ச்சலும் வந்தது. சுண்டுவிரல் கறுத்துக்கொண்டே போனது. "வேலூருக்குப் போய்டுங்க, லேட் பண்ணாதீங்க" என்று கிளினிக் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

வேலூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் எல்லா பாஷையும் கேட்டது. தெலுங்கு, இந்தி, வங்காளம். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கால், பாதி பாதம், முழங்காலோடு முடிந்த கால். இத்தனை வருஷம் ஷூ தைத்திருக்கிறேன், கால்களை இப்படிப் பார்த்ததில்லை.

உள்ளே ஒரு நர்ஸ் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. இதால உங்க பாதத்துல தொடுவேன். தொடும்போது 'ம்'னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஒன்றும் ஆகவில்லை.

"எப்ப ஆரம்பிப்பீங்க சிஸ்டர்?"

"முடிச்சிட்டேன்மா" என்றார் அவர் மெதுவாக.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் ஏறிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் செத்துப்போகும். வலி தெரியாது, அதனால் காயம் தெரியாது. கைவிரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துச் சர்க்கரையைக் காட்டும். இன்னொரு ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும், அதை ஏமாற்ற முடியாது. பாதத்தில் பசை தடவி ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார்கள். கணுக்காலில் புஸ் புஸ் என்று நன்றாகக் கேட்டது. விரல் பக்கம் போகப்போகச் சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்த சின்ன வயது டாக்டர் ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "படிச்சவங்கதானே? வாய அடக்க முடியாதா உங்களால? இப்ப வெரல எடுக்கணும். இன்னும் விட்டா காலயே எடுக்கணும்." சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். என் கறுத்த விரலைவிட அவர் குனிந்த தலைதான் என்னைச் சுட்டது. அந்த டாக்டரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இடுப்பில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து விரல்களை எடுத்தார்கள். ஒன்று என்று நினைத்துப் போனேன், திறந்து பார்த்ததில் பக்கத்து விரலுக்கும் அழுகல் ஏறியிருந்ததாம். வலி இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

வெட்கப்பட வைக்கிற விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. வார்டில் எனக்கு எதிர்க்கட்டிலில் இருந்த அம்மாவுக்குப் பேத்தி பிறந்திருந்தாள். பார்வையாளர் நேரத்தில் அவர் மகன் வந்து சிஸ்டர்களுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தான். மிச்சமிருந்த டப்பாவை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனான். விரல் போன இடத்துக் கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய், அதிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்துக் கையில் மூடிக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைந்து வாயில் போட்டேன். கதவைத் தாழ்போட மறந்துவிட்டேன். திவ்யா திறந்தாள்.

அவள் வேலூரில்தான் காலேஜ் படிக்கிறாள். வகுப்பு முடிந்ததும் என்னைப் பார்க்க வந்திருந்தாள்.

"மா. வாயில இன்னா?"

என்னால் பேச முடியவில்லை, வாய் நிறைய இருந்தது.

"துப்பு. துப்பு முதல்ல! உனக்குக் காலு வேணுமா வேணாமா? அப்பா மூணு நாளா தரையில படுத்துக்கினு கெடக்குறாரு. உனக்கு ஸ்வீட் கேக்குதா?"

துப்பினேன். அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற மகள் முன்னால் திருடியாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் என்மேல் எனக்கு வந்த அருவருப்பை, விரலைப் பறிகொடுத்த துக்கத்தோடு நிறுத்துப் பார்த்தால் அருவருப்புதான் கனம்.

சிஸ்டர் சுகர் பார்த்துவிட்டு, திவ்யாவிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். மறுநாள் காலை நீரிழிவுப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். நரைத்த முடி, தொளதொள கோட்டு. நிற்காமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நான் விறைத்துக்கொண்டேன்.

"ஸ்வீட் சாப்ட்டீங்களாமே. எப்ப எப்ப இந்த ஆசை வருது, கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்தது. அதைத் தள்ளுகிறவர் வழிவிடச் சொல்லி ஒரு சின்ன மணியை அடிப்பார். மணி கேட்டதும் என் வாய் ஊறியது. உள்ளே இட்லிதான் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் நாக்கின் இரண்டு பக்கமும் தித்திப்புக்குத் தயாராகி நின்றது.

"மணி அடிச்சா வருது டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். பாஸ்கர் சார், பெட்டி, பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மூளைக்குள்ள ஒரு வழி இருக்கு. 'இது நல்லாருக்கு, இத மறுபடி தேடு'ன்னு சொல்ற வழி. பசிச்சவங்க சோறு தேடணும்னே அது அமைஞ்சது. இனிப்பு உள்ள போனா அங்க டோபமின்னு ஒரு பொருள் சுரக்கும். சபாஷ் சொல்ற மாதிரி வச்சிக்கோங்க. ஒரே நேரத்துல, ஒரே சத்தத்தோட திரும்பத் திரும்பக் குடுத்தா, கொஞ்ச நாள்ல பாட்டில் வர்றதுக்கு முன்னாடியே, அந்த சத்தத்துக்கே சுரக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் ஓயாம சபாஷ் கேட்டா அந்த இடம் காது மந்தமான மாதிரி ஆயிடும். அதே அளவு கேக்காது. இன்னும் ஜாஸ்தி வேணும். ருசி கம்மியாகும், தேடல் மட்டும் ஜாஸ்தியாகும்."

"கை தானா போகுது டாக்டர்."

"ஆமா. களைப்பும் தூக்கமின்மையும் இருந்தா இன்னும் வேகமாப் போகும்."

"சாராயம் மாதிரியா?"

"அப்படியே ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுல எங்களுக்குள்ளயே சண்டை இருக்கு. ஆனா ரெண்டும் நடக்குற தெரு ஒண்ணுதான். உங்களுக்கு சுகர் வந்ததுக்கும் பாட்டில் மட்டுமே காரணம் இல்ல. வம்சம் இருக்கு, சாப்பாடு இருக்கு, விட்ட மாத்திரை இருக்கு."

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "அப்ப எல்லாரும் என்னத் திட்டுறாங்களே, அது யாரு தப்பு?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

அவர் அசரவில்லை. "தப்பு யாருதுன்னு கண்டுபிடிக்க நான் வரல. இந்தப் பழக்கம் தேயும். வாரக்கணக்குல, மாசக்கணக்குல ஆகும். இனிப்ப எதிர்ல வச்சிக்கினு மல்லுக்கட்டாதீங்க. அத ஞாபகப்படுத்துற இடத்தவிட்டு தள்ளி இருங்க. அதான் சுலபம்."

தள்ளி இருங்கள். என் சோறே அந்த மணிக்குக் கீழேதானே வேகிறது?

திவ்யா இதையெல்லாம் நின்று கேட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் சீப்பை எடுத்து, பல நாள் சிக்காகிக் கிடந்த என் தலையைப் பொறுமையாகப் பிரித்துப் பின்னிவிட்டாள். ஏழுமலை ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீ வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். முகம் கோணியது.

"இன்னாங்க, கசக்குதா?"

"இல்லயே. சக்கர இல்லாம நல்லாதான் கீது" என்றார். அந்தப் பொய்யை அவர் இன்றுவரை காப்பாற்றி வருகிறார். வீட்டில் சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் இப்போது பொட்டுக்கடலை இருக்கிறது.

ஷமீமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவித்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தாள். வந்ததிலிருந்து என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்: "அக்கா, நானும் டெஸ்ட் எடுத்தேன். எனக்கும் ஜாஸ்தி. எங்கூட நம்ம லைன் மும்தாஜும் எடுத்தா, அவளுக்கும் அப்டிதான். பேஜாரா கீதுக்கா."

நான் முதல் நாள் குடிக்க முடியாமல் கொடுத்த அரை பாட்டிலை வாங்கிக் குடித்தவள் இவள்.

டிஸ்சார்ஜ் ஆகி, மாதக்கணக்கில் கட்டு மாற்றி, பஞ்சு வைத்த செருப்போடு வேலைக்குத் திரும்பினேன். காலையும் சாயங்காலமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் மேஜையில் என்னைப் போட்டார்கள், அங்கே நாற்காலி உண்டு. விரலைக் கொடுத்து வாங்கிய நாற்காலி.

முதல் ஷிப்மென்ட் வந்தது. மணி அடித்தது. இத்தனைக்குப் பிறகும் என் வாய் ஊறியது. அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். பாஸ்கர் சார் சிரித்த முகத்தோடு வந்தார்.

"செல்வராணி, உனக்குன்னு தனியா சக்கர இல்லாத பாட்டில் எடுத்தாரச் சொன்னேன், பாரு."

"எனக்கு பாட்டில் வேணாம் சார். லைனுக்குப் பத்து நிமிஷம் குடுங்க. உக்காரட்டும்."

"இன்னா பேசுற? அதெல்லாம் என் கையில இல்லம்மா. மேல கேக்கணும்."

"கேக்குறேன்."

மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். டீயில் சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்வதாக உடனே ஒப்புக்கொண்டார். பத்து நிமிஷம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாட்டிலுக்கு பட்ஜெட் இருக்கும்மா. நிமிஷத்துக்கு இல்ல."

என்னை ஏமாற்ற நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது எனக்குள் நின்றுவிட்டது. எங்கள் களைப்புக்கு அவர்கள் கணக்கில் ஒரு விலை இருந்திருக்கிறது, அது ஓய்வைவிட மலிவாக இருந்திருக்கிறது. என் நாக்கு பேராசை பிடித்தது என்று ஊரே சொன்னது. அதற்குத் தீனி போட்டுப் பழக்கிய கையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு டீ சர்க்கரை இல்லாமல் வருகிறது, பக்கத்தில் டப்பா தனியாக. போட்டுக்கொள்கிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கை எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் மறுபடி டார்கெட் முடிந்தது. மணி அடித்தது, பெட்டி வந்தது. வாய் ஊறியது, முன்னைவிடக் கம்மியாக. நான் எழுந்து வெளிவராந்தா பக்கம் நடந்தேன். ஷமீமா மெஷினை அணைத்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்றார் பாஸ்கர் சார்.

"உக்கார, சார்" என்றாள் ஷமீமா.

வராந்தாப் படியில் உட்கார்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பின்னாலேயே மும்தாஜ் வந்தாள். கையில் திறக்காத பாட்டில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு லைனின் கடைசியில் தைக்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி குடித்துக்கொண்டே வந்தாள். தள்ளி இடம் கொடுத்தோம். பாஸ்கர் சார் வாசல்வரை வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாங்கள் எழுந்துகொள்ளவில்லை.